சம்பளம் வராத ஆலோசகர்

ஆசிரியருக்கு,

நிர்பயா நிதி குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். பெண்கள் பாதுகாப்புக்காக மத்திய அரசு 2013-இல் ரூ.1,000 கோடியுடன் அறிவித்த அந்த நிதியிலிருந்துதான், வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்களுக்கும் 181 மகளிர் உதவி எண்ணுக்கும் பணம் வருகிறது. கட்டடத்துக்கு எப்படியோ தொகை கிடைத்துவிடுகிறது, திறப்பு விழாவும் நடக்கிறது. அப்புறம் உள்ளே உட்கார்ந்து பேசும் ஆளுக்குச் சம்பளம் என்றால்தான் இழுபறி. எனக்குத் தெரிந்த ஒரு மையத்தில், மாதக்கணக்கில் ஊதியம் வராமல் ஆலோசகர் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டார். அவரிடம் மட்டுமே வாய் திறந்திருந்த ஒரு பெண், அடிவாங்கிய கதையைப் புதியவரிடம் முதலிலிருந்து சொல்ல மனமின்றி, கைக்குழந்தையோடு அதே வீட்டுக்குத் திரும்பினார்.

ஆறு மாதச் சம்பளத்துக்கான தொகையை மாநில அரசு சுழல்நிதியாக மாவட்ட ஆட்சியரிடம் முன்கூட்டியே ஒப்படைக்கலாம். மத்திய அரசின் தவணை வந்ததும் ஈடுசெய்துகொள்ளட்டும்.