இசக்கிக்கு, முடிச்சூர் வீடு பற்றி

கோவை
வியாழன் இரவு

அன்புள்ள இசக்கி,

இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ திட்டியது நியாயம்தான், சாக்குச் சொல்லப் போவதில்லை. புது வேலை பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், அதுவே பெரிய நிம்மதி. அண்ணனும் பிள்ளைகளும் அத்தையும் மே கடைசியில் வருகிறார்கள், அதற்குள் வீடு பிடித்தாக வேண்டும் என்கிற உன் அவசரமும் புரிகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த முடிச்சூர் வீட்டுக்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுக்கப் போவதாகச் சொன்னாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. ஏட்டி, ஒரு வாரம் பொறு. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கால் கிலோ கத்தரிக்காய்க்கு கூடை முழுவதையும் கவிழ்த்துப் பார்ப்பவள் நீ. வீட்டை மட்டும் எப்படிப் பத்து நிமிஷத்தில் பார்த்து முடித்தாய்?

தாம்பரம் பக்கம் பார்ப்பது சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கிண்டி ஆபீசுக்கு மின்சார ரயில் போல வேறொன்றும் கிடையாது. தாம்பரத்திலேயே கிளம்புகிற வண்டியாகப் பார்த்து ஏறு, உட்கார இடம் கிடைக்கும். செங்கல்பட்டிலிருந்து வருவது நிறைந்துதான் வரும். நெல்லை வண்டி தாம்பரத்தில் நிற்கும். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்த பிறகு ஊர்ப் பஸ்ஸும் கிட்டத்தில் வந்துவிட்டது. சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்ஸில் உனக்கு டிக்கெட்டே வேண்டாம். அதனால் இடத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்தத் தெருவையும் தரைத்தளத்தையும் பற்றித்தான் பேசுகிறேன்.

அடையாறு என்கிற ஆறு எங்கேயோ அடையாறு ஏரியாவில்தான் ஓடுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பிறப்பது கூடுவாஞ்சேரி பக்கம், ஆதனூர் ஏரியில். மண்ணிவாக்கம் வழியாக வந்து முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் ஒட்டித்தான் கீழே போகிறது. 2015 டிசம்பரில் அந்த ஊர்கள் எப்படிக் கிடந்தன என்று தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். 2021 மழையிலும் தண்ணீர் வந்தது, 2023 மிக்ஜாம் புயலிலும் வந்தது. புரோக்கர் உன்னிடம், ‘அது செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் வந்த வெள்ளம், இனிமேல் வராது’ என்று சொல்லியிருக்கிறார் இல்லையா? செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை பக்கம், அதாவது முடிச்சூருக்குக் கீழே. முடிச்சூருக்கு வருவது மேலே இருக்கிற பல ஏரிகள் ஒரே நேரத்தில் நிரம்பி வழிகிற தண்ணீர். அந்த ஏரியைத் திறந்தாலும் மூடினாலும் இது வரும்.

முடிச்சூர் முழுக்க மூழ்கும் என்று நான் சொல்லவில்லை. அங்கே தெருவுக்குத் தெரு வித்தியாசம். பிறகு மூடுகால்வாய்கள் கட்டியிருக்கிறார்கள், வந்த தண்ணீர் முன்னைவிடச் சீக்கிரம் வடியும். ஆனால் உன் தெரு எந்த வகை என்பதை நீயே கண்டுபிடிக்க வேண்டும், வீட்டுக்காரர் வாயிலிருந்து அது வராது. தெரு முனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கேள், மளிகைக் கடையில் கேள். ‘தண்ணி வந்துச்சா’ என்று கேட்காதே, ‘அதெல்லாம் இல்லம்மா’ என்றுதான் பதில் வரும். ‘2015ல எதுவரைக்கும் வந்துச்சு, 23ல எதுவரைக்கும் வந்துச்சு’ என்று கேட்டால் தொடையைத் தொட்டோ முழங்காலைத் தொட்டோ காட்டுவார்கள். தெருப் பெயரையும் பார். ஏரிக்கரை, தாங்கல், ஓடை, மதகு என்று இருந்தால் அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. நூறு வருஷம் முன்பு அங்கே பெரிய ஏரியே இருந்தது. அதைத் தூர்த்துத்தான் தி.நகரைக் கட்டினார்கள்.

அடுத்து வீடு. புது பெயின்ட் அடித்திருக்கிறது, பளிச்சென்று இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருந்தாய். சுவரைப் பார்க்காதே, கதவைப் பார். சுவருக்கு எல்லோரும் பெயின்ட் அடிப்பார்கள், மர நிலையை யாரும் மாற்ற மாட்டார்கள். வாசல் நிலையின் அடிப்பகுதியை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு, கட்டைவிரலால் அழுத்திப் பார். வெள்ளத்தில் நின்ற மரம் மெத்தென்று உள்வாங்கும், பெயின்டுக்கு அடியில் நார்நாராகப் பிரிந்திருக்கும். பாத்ரூம் கதவு எந்த வீட்டிலும் ஊறும், அதைக் கணக்கில் எடுக்காதே. படுக்கையறைக் கதவின் அடி உப்பியிருந்தால்தான் சேதி. வெளி கேட்டின் கீல்களில் கீழ்க் கீல் மட்டும் துருப்பிடித்துத் தின்றுபோயிருக்கிறதா, ப்ளக் பாயின்ட்டுகளை எல்லாம் இடுப்புக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறார்களா, மீட்டர் பெட்டி ஆள் உயரத்துக்கு மேலே போயிருக்கிறதா என்று பார். ஒருமுறை பட்டவர்கள் செய்கிற வேலைகள் இவை. தெருவிலிருந்து வீட்டுக்குள் படி ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பது எல்லாவற்றிலும் முக்கியம். சென்னையில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுப் போட்டு, ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்ட தெருக்கள் ஏராளம். அங்கே புயல் வேண்டாம், ஒரு நல்ல ஐப்பசி மழை போதும், சாக்கடை நேரே கூடத்துக்கு வரும்.

அத்தைக்கு முழங்கால் முடியாது, அதனால்தான் தரைத்தளம் என்று நீ சொல்வாய். தெரியும். அதற்குத்தான் இவ்வளவு சொல்கிறேன். ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணீர் உள்ளே வந்தால் நீயும் அண்ணனும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிடுவீர்கள், அத்தையை யார் ஏற்றுவது? லிப்ட் உள்ள கட்டடத்தில் முதல் மாடி பார். இல்லையென்றால் குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் குன்றுகளை ஒட்டிய தெருக்களில் தரைத்தளம் பார், அங்கே நிலம் இயல்பிலேயே மேடு. வாடகை ரெண்டாயிரம் மூவாயிரம் கூடத்தான் ஆகும். அந்தப் பணத்தைக் கணக்குப் பார்க்காதே இசக்கி.

இனி குடிக்கிற, குளிக்கிற தண்ணீர். தாமிரபரணியில் வளர்ந்தவர்களுக்குச் சென்னையில் முதல் அடி தலைமுடியில்தான் விழும், உனக்கு இப்போதே கொட்ட ஆரம்பித்திருக்கும். ஒரு வீட்டில் மூன்று தண்ணீர் இருக்கும்: கார்ப்பரேஷன் குழாய், போர், லாரி. எந்தக் குழாயில் எது வருகிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொல். கார்ப்பரேஷன் தண்ணீர் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வரும், வரும்போது வால்வைத் திருப்பி மோட்டார் போடுவது யார்? நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் பதினொன்றுக்குத் தண்ணீர் வந்தால் அத்தைதான் ஓட வேண்டும்.

போர்த் தண்ணீரை நிறமில்லாத பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி வை. காலையில் அடியில் ஆரஞ்சு நிறத்தில் படிந்தால் இரும்பு. ஷவர் துளைகளும் குழாய் மூக்கும் வெள்ளையாகப் பூத்திருந்தால் கடின நீர். அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, கீசரின் சூடாக்கும் கம்பி சீக்கிரம் போகும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவை, டிடிஎஸ் என்பார்கள், பார்க்கிற பேனா விலை அதிகமில்லை, ஒன்று வாங்கிக்கொள். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை. ஆனால் அந்தப் பேனா உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. சம்ப்புக்கு, அதாவது தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு, பக்கத்திலேயே செப்டிக் டேங்க் இருக்கிறதா என்று கட்டாயம் பார். சம்ப் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கக் கூச்சப்படாதே. கேன் தண்ணீர் வாங்கினால் மூடி சீலையும் ஐஎஸ் 14543 என்கிற தரநிலை எண்ணையும் பார்த்து வாங்கு.

அளவையும் கணக்குப் போட்டுவிடு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் நகரங்களுக்கு வைத்திருக்கிற கணக்கு. நீங்கள் ஐந்து பேர், 675 லிட்டர். அந்தக் கட்டடத்தில் ஆறு வீடு, வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் நாளைக்கு 4,050 லிட்டர். 12,000 லிட்டர் லாரி மூன்று நாளைக்குத்தான் வரும். சம்ப்பின் நீள, அகல, ஆழத்தை அடிக் கணக்கில் அளந்து பெருக்கி 28.3ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். எட்டுக்கு ஆறு, ஆழம் ஐந்து அடி என்றால் 6,800 லிட்டர் கொள்ளும். அப்படியானால் பெரிய லாரி வந்தாலும் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இறக்க இடமிருக்கும், சின்ன லாரியைத்தான் கூப்பிடணும். லிட்டர் கணக்கில் பார்த்தால் சின்ன லாரிதான் விலை கூட. தெருவுக்குள் லாரி திரும்புமா என்பதையும் சேர்த்துப் பார். இப்போது ஏப்ரல். இப்போதே லாரி வருகிறது என்றால் ஜூனில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள். 2019ல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஜூலை 12ஆம் தேதி வில்லிவாக்கத்துக்கு வந்த முதல் ரயிலில் 25 லட்சம் லிட்டர். டிசம்பரில் கழுத்தளவு, ஜூனில் குடம் வரிசை, ரெண்டும் ஒரே ஊரில்தான். வீடு பார்க்கிறபோது ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்.

இதெல்லாம் தேறினால்தான் காசைப் பற்றிப் பேச்சு. 2019லிருந்து அமலில் இருக்கிற வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. 12,000 வாடகைக்கு ஒரு லட்சம் என்பது எட்டு மாதத்துக்கும் மேல். பேசிக் குறை. ஒப்பந்தத்தை எழுதி 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும், நீயே வற்புறுத்து. லாரித் தண்ணீர், செப்டிக் டேங்க் எடுக்கிற செலவு, மோட்டார் கரன்ட் யார் தலையில் என்று அதில் எழுது. காலி செய்யும்போது பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் எழுத்தில் வரட்டும். பணத்தை வங்கி வழியாகவே அனுப்பு. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் ஆபீசில் வீட்டு வாடகைப்படிக்கு வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கேட்பார்கள், முதல் நாளே வாங்கி வை.

கரன்ட்டுக்குத் தனி சர்வீஸ் எண் இருக்கிறதா என்று கேள். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் உனக்கு வர வேண்டிய 100 இலவச யூனிட் வராது. அதோடு எல்லா வீடும் ஒரே இணைப்பில் ஓடும்போது ரெண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டி மேல் விலைக்குப் போய்விடும். குடி புகுந்த அன்றைக்கே மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்.

கேஸ் இணைப்பை அண்ணன் கடைசி வாரம்தான் ஒப்படைக்கணும், முன்னாலேயே கொடுத்தால் அங்கே அடுப்பு எரியாது. சிலிண்டர், ரெகுலேட்டரைத் திருப்பிக் கொடுத்து டெபாசிட்டையும் ட்ரான்ஸ்ஃபர் வவுச்சரையும் வாங்கி வரட்டும். இடைப்பட்ட நாளுக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர் போதும், அடையாள அட்டை காட்டினாலே தருவார்கள். பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கும்போது பழைய பள்ளியில் எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில், பிள்ளைகளின் பெயரை வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும்படி காமன் பூலுக்கு விடுவித்துவிட்டார்களா என்று அண்ணன் அங்கேயே கேட்டு உறுதி செய்யட்டும். அதை விட்டுவிட்டால் டி.சி. கையில் இருந்தும் புதுப் பள்ளியில் பெயர் ஏறாது. ரேஷன் கார்டு முகவரி மெதுவாக மாற்றலாம், கைரேகை வைத்து எந்தக் கடையிலும் அரிசி வாங்கலாம்.

இன்னொன்று. ராத்திரி ஒன்பது மணிக்குச் சின்னவன் போனில் அழுகிறான், அதைக் கேட்கவே பயமாக இருக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தாய். அந்த அழுகைதான் உன்னை அவசரப்படுத்துகிறது என்று எனக்குத் தெரியும். மே கடைசி இல்லாவிட்டால் ஜூன் பத்து ஆகட்டும், அவன் பொறுத்துக்கொள்வான். வீடு வீடாகப் பார்க்கிறபோது போனில் அவனிடம் சொல்லு: மாடியில் பட்டம் விட இடம் இருக்கிறதா, வாசலில் சைக்கிள் நிற்குமா என்று. அவனும் சேர்ந்து தேடட்டும். நீ ஒழுங்காகச் சாப்பிடு, காலையில் பன்னும் டீயும் என்று ஓட்டாதே.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, குழாயில் தண்ணீர் வருகிற நேரமாகப் பார்த்து, முடிச்சூர் போ. பாட்டிலை எடுத்துக்கொண்டு போ. வாசல் நிலையின் அடியையும் சம்ப்பின் உட்புறத்தையும் போட்டோ எடுத்து அன்றைக்கே அனுப்பு, நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

உன்
பேச்சி