சாட்சியாக நின்ற அக்காவுக்கு

காசிமேட்டில் மீன் விற்கும் என் அம்மாவுக்குக் காசநோய் என்று தெரிந்தபோது, மருந்து ஆய்வு ஒன்றில் சேர விருப்பமா என்று கேட்டார்கள். அன்று நான் வேலையில் இருந்தேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்படிப்பட்டவரிடம் ஒப்புதல் பெறும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் முழு நேரமும் சாட்சியாக உடனிருக்க வேண்டும் என்பது விதி. மாமனாருக்கு மாத்திரை வாங்க வரிசையில் நின்ற நீங்கள், வரிசையை விட்டு வந்தீர்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். நீங்களோ படிவத்தை வேகமாகப் படித்தவரை நிறுத்தினீர்கள். "பாதியில் வேண்டாமென்றால் விலகலாம் அம்மா, வழக்கமான சிகிச்சை நிற்காது. எங்கே, நீங்கள் சொல்லுங்கள்" என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தீர்கள். அதன்பிறகுதான் அம்மாவுக்குக் கேள்வி கேட்கும் துணிச்சல் வந்திருக்கிறது: எத்தனை முறை ரத்தம் எடுப்பீர்கள்? விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகலாமா? பதில் கிடைத்த பிறகே கைநாட்டு வைத்தார்.

காசநோயாளிகள் வீட்டிலிருந்தபடியே குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது, 1956-ல் இதே சென்னையில் தொடங்கிய ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் அம்மாவைப் போன்ற ஏழைகள். இதைச் சொன்னபோது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இப்போது சளியில் கிருமி இல்லை. உங்கள் பெயர் படிவத்தில் இருக்கிறது. உங்களிடம் அனுமதி கேட்காததால் இங்கே எழுதவில்லை. காசிமேட்டுப் பக்கம் வந்தால் அம்மாவைப் பாருங்கள் அக்கா. உங்களுக்கென்று நல்ல வஞ்சிரமாக எடுத்துவைப்பதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.