குட்டிக்கு முற்பணம் கட்ட முன்

திருகோணமலை

அன்பு மகனுக்கு,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய சேர்வல் குட்டியின் வீடியோவை, அதுதான் அந்த ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை இனத்துக் குட்டியின் வீடியோவை, நானும் அப்பாவும் பார்த்தோம். வடிவான குட்டிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். அந்தப் பெரிய காதும் கரும்புள்ளியும் நீட்டுக் காலும் யாருக்குத்தான் பிடிக்காது. சின்னவன் கேட்டு அடம்பிடிக்கிறான், விற்கிறவர் முற்பணம் கேட்கிறார், நீங்கள் மிருக வைத்திய அலுவலகத்தில் இருந்தனீங்கள்தானே, என்ன சொல்லுறீங்கள் என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே "சரி அம்மா, பிறகு கதைக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

வேண்டாம் தம்பி. அந்தச் சேர்வல் குட்டியை வாங்காதே.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். "கனடாவில் ஒரு பிரச்சினையும் இல்லை" என்று விற்கிறவர் உனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் சாமர்த்தியமாகப் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். ஒன்ராறியோவில் இப்படியான விலங்கு வளர்க்க மாகாணம் முழுவதற்குமான அனுமதிப்பத்திர முறை கிடையாது என்பது சரி. ஆனால் அந்த வேலையை அந்தந்த மாநகரசபையிடமும் ஊர்ச்சபையிடமும் விட்டிருக்கிறார்கள். நீ இருக்கிற ஸ்காபரோ ரொறன்ரோ மாநகரத்துக்குள் வருகிறது. ரொறன்ரோவின் விலங்குகள் பற்றிய துணைச்சட்டத்தில், வீட்டுப் பூனையைத் தவிர பூனைக் குடும்பம் முழுவதும் வளர்க்கத் தடைசெய்த பட்டியலில் இருக்கிறது. சேர்வலும் அதற்குள்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதும், சின்னவனின் கண் முன்னாலேயே வந்து தூக்கிக்கொண்டு போவார்கள்.

நகரத்துக்கு வெளியே காணி வைத்திருக்கும் உன் கூட்டாளியின் இடத்தில் விடலாம் என்று ஒரு யோசனையும் எழுதியிருந்தாய். அந்த ஊர்ச்சபை என்ன சொல்கிறது என்று எழுத்தில் கேட்டுப் பார். தடை இல்லை என்றே வை. ஒன்ராறியோவின் சவுத்வோல்ட் என்ற ஊரில் ஒருவர் புலி வளர்த்தார். சபை தடை போட்டது, அவர் நீதிமன்றம் போய் வென்றார். 2010 சனவரியில் அந்தப் புலியே அவரைக் கொன்றது. புலியும் சேர்வலும் ஒன்றா என்று நீ கேட்பாய். ஆளைக் கொல்லும் பலம் சேர்வலுக்கு இல்லைத்தான். ஆனால் சட்டம் இடம் விட்டுவிட்டால் ஆபத்தும் இல்லை என்று நம்பியவரின் கதை அது.

குட்டி அமெரிக்காவிலிருந்து வருகிறது என்றால் இன்னொரு சிக்கல். சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கை 1975 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டுப் பூனையை விட்டால் பூனைக் குடும்பத்தில் மிச்சம் எல்லாமே அதன் முதலாவது அல்லது இரண்டாவது பட்டியலில் இருக்கின்றன. சேர்வல் இரண்டாவதில். ஏற்றுமதி அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. காரின் பின் ஆசனத்தில் கூட்டை வைத்துத் துணியால் மூடிக்கொண்டு வரலாம் என்று யாராவது சொன்னால், அவரோடு பிறகு கதையே வைத்துக்கொள்ளாதே. குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிற பிள்ளை நீ.

அமெரிக்காவில் 2022 டிசம்பரில் புதுச் சட்டம் வந்தது. சிங்கம், புலி, சிறுத்தை, சிவிங்கிப்புலி மாதிரியானவற்றைத் தனியார் புதிதாக வாங்கி வளர்க்க முடியாது. சேர்வல் அந்தப் பட்டியலில் வராததால்தான் இப்போது அதை இவ்வளவு வேகமாக விற்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. ஆனால் மாநிலங்களுக்கு வேறு வேறு சட்டம். ஒஹாயோவில் 2011 இல் ஒருவர் தான் வளர்த்த விலங்குகளை எல்லாம் திறந்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். 18 புலியையும் 17 சிங்கத்தையும் பொலிஸார் சுட வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அந்த மாநிலம் சட்டத்தை இறுக்கியது. அதே ஒஹாயோவில், சின்சினாட்டி நகரத்தில், 2023 இல் ஒரு காரைப் பொலிஸார் மறித்தபோது அதற்குள் இருந்த பூனை பாய்ந்து மரத்தில் ஏறிவிட்டது. மரத்திலிருந்து கீழே இறக்கும்போது அது போராடியதில் கால் முறிந்தது. பரிசோதித்துப் பார்த்தால் அது சேர்வல், உடம்பில் கொக்கெயினும் இருந்ததாம். கடைசியில் மிருகக்காட்சிச்சாலைக்குப் போனது. அந்தச் செய்தியை வாசித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மிருகம் யாரிடம் என்ன கேட்டது?

இங்கே நம் நாட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இலங்கையில் காட்டில் வாழும் பூனை இனங்கள் நான்கு: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப் பூனை, துரும்பன் பூனை. நான்கும் 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். ஆனாலும் ஆட்கள் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் இல்லை, பூனைக்குட்டி என்று நினைத்துத்தான்.

நான் வேலையில் இருந்த காலத்தில் கந்தளாய்ப் பக்கம் பற்றை வெட்டிய ஒருவர் ஓர் அட்டைப் பெட்டியோடு அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே இரண்டு துரும்பன் பூனைக் குட்டிகள். உலகத்திலேயே ஆகச் சிறிய பூனை இனங்களில் ஒன்று அது. வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோ அளவில்தான் நிற்கும், இலங்கையிலும் இந்தியாவிலும் நேபாளத்திலும் மட்டும்தான் இருக்கிறது. என் உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு. நெற்றியில் கோடு, முதுகில் துரு நிறப் புள்ளி. பெட்டியின் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு ஒன்று சீறியது, அந்தச் சின்ன வாயில் இருந்து அவ்வளவு சத்தம். மற்றதுக்குச் சீறவும் தெம்பில்லை. பிள்ளைகள் ஆசையில் பசுப்பால் பருக்கியிருக்கிறார்கள், வயிற்றோட்டத்தில் வாலடி எல்லாம் ஊறிப்போய் இருந்தது. டொக்டர் சேலைன் ஏற்றிப் பார்த்தார். அன்றிரவே அது செத்துப்போனது. சீறியதை வனவிலங்குத் திணைக்களத்து ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். குட்டிகளைக் கண்டால் தொடாமல் தள்ளி நிற்க வேண்டும், தாய் இரை தேடப் போயிருக்கும், திரும்பி வரும், இல்லாவிட்டால் வனவிலங்குத் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்க வேண்டும் என்று டொக்டர் அவருக்குச் சொல்லி அனுப்பினார். அவர் திரும்பிப் போகும்போது அந்த வெறும் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

உன் சேர்வல் குட்டியும் தாயிடமிருந்து அப்படிப் பிரிக்கப்பட்டதுதான். மனிதரோடு ஒட்ட வேண்டும் என்று கண் திறந்த கையோடு தாயிடமிருந்து எடுத்துப் போத்தலில் பால் கொடுத்து வளர்ப்பது விற்கிறவர்களின் வழக்கம். அப்படி வளர்த்தால் பழகும்தான். ஆனால் பழகியது வேறு, வீட்டு மிருகம் வேறு. வீட்டுப் பூனை மனிதரோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருந்து வந்தது. சைப்பிரஸில் ஒரு மனிதரோடு சேர்த்துப் புதைத்த பூனையின் எலும்பு கிடைத்தது, அது 9,500 ஆண்டு பழையது. சேர்வலுக்கு அந்தச் சரித்திரம் இல்லை.

அக்பரின் கதை தெரியுமா? அவரிடம் ஆயிரம் சிவிங்கிப்புலிகள் இருந்ததாக மகன் ஜஹாங்கீர் எழுதி வைத்திருக்கிறார். வேட்டைக்குப் பழக்கி, கண்ணைக் கட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவ்வளவு அருமை பெருமையாக வளர்த்தும் அவை குட்டி போடவில்லை. ஜஹாங்கீர் காலத்தில் ஒரே ஒரு தடவை போட்டதாகப் பதிவு. அடுத்து மனிதர் வளர்ப்பில் சிவிங்கிப்புலிக் குட்டி பிறந்தது 1956 இல், பிலடெல்பியா மிருகக்காட்சிச்சாலையில். அதுவரைக்கும் தேவையானதெல்லாம் காட்டிலிருந்து பிடித்ததுதான். பிடிப்பும் வேட்டையும் காடு அழிந்ததும் சேர்ந்து 1952 இல் இந்தியாவில் அந்த இனம் அற்றுப்போனது என்று அறிவித்தார்கள். இப்போது சோமாலிலாந்து வழியாகக் குட்டிகளை வளைகுடாவுக்குக் கடத்துகிறார்கள். துபாயில் இருக்கிற உன் மச்சானைக் கேள், ஐக்கிய அரபு அமீரகம் 2016 இலேயே தனியார் இப்படி வைத்திருப்பதைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்துவிட்டது.

போன முறை வந்தபோது சின்னவன் பிரட்றிக் கோட்டை வாசலில் புள்ளிமானுக்கு வாழைப்பழம் நீட்டியது ஞாபகம் இருக்கிறதா? பஸ் நிலையம் வரைக்கும் வருகிறதுகள், கடற்கரையில் படுக்கிறதுகள், ஆளைக் கண்டு ஓடுவதில்லை. ஊர்ச் சனத்துக்கு அதுகளில் நல்ல விருப்பம். அப்படித் திரிந்து செத்த ஒரு மானை வெட்டிப் பார்த்தபோது நான் பக்கத்தில் நின்றேன். இரைப்பைக்குள் பொலித்தீன், ஷொப்பிங் பை, மரக்கறி கட்டிய கயிறு எல்லாம் திரண்டு இறுகிப்போய், கையால் பிரிக்க முடியவில்லை. யாரும் அதற்குத் தீங்கு செய்ய நினைக்கவில்லை. நம் பக்கத்தில் வந்து வாழ விட்டோம், அவ்வளவுதான். வேலியும் இல்லாமல் வெட்டவெளியில் திரியும் மானுக்கே அந்தக் கதி என்றால், உன் இரண்டறை பேஸ்மெண்டில் அந்தச் சேர்வல் என்ன செய்யும் என்று யோசி.

நின்ற இடத்திலிருந்து ஒன்பது அடி பாயும் மிருகம் அது. புல்லுக்குள் எலி நடக்கிற சத்தத்தைக் கேட்கத்தான் அந்தப் பெரிய காது. உன் வீட்டில் வொஷிங் மெஷின் சுற்றும், சின்னவன் ஓடிக் கத்துவான். வயதுக்கு வந்தால் ஆணும் பெண்ணும் எல்லை குறிக்கச் சிறுநீர் பீச்சும், சோபா, கட்டில், உடுப்பு என்று பார்க்காது. அது நோயில்லை, பழக்கி நிற்பாட்டவும் முடியாது. சாப்பாடு கடைக் கோழித் தசை என்று நினைத்திருப்பாய். தசை மட்டும் தின்றால் கல்சியம் போதாமல் எலும்பு வளையும், குதித்தால் முறியும். எலும்போடு, குடலோடு முழு இரை வேண்டும். கோழிக்குஞ்சு, காடை, எலி என்று குளிர்சாதனப் பெட்டியில் வைக்க மருமகள் சம்மதிப்பாளா? அவளிடம் இன்னும் சொல்லவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். டோரின் என்ற சத்து குறைந்தால் பூனை இனத்துக்குக் கண் பார்வையும் இருதயமும் பழுதாகும். இதெல்லாம் பார்க்கத் தெரிந்த மிருக வைத்தியர் எல்லாத் தெருவிலும் இருக்கமாட்டார். இருக்கிறவரும் சட்டவிரோதமான மிருகத்தைத் தொட யோசிப்பார்.

இருபது வருடம் வரைக்கும் உயிரோடிருக்கும். சின்னவனுக்கு ஏழு வயது. அவன் பல்கலைக்கழகம் போய், வேலை எடுத்து, கல்யாணம் கட்டும்போதும் அது உன் வீட்டில் நிற்கும். அலுத்துப்போய்க் கொடுக்கலாம் என்றால் காப்பகங்களில் இடம் கிடைப்பது கஷ்டம்.

சேர்வல் வேண்டாம், சவானா வாங்குகிறேன் என்று அடுத்ததாகச் சொல்வாய், உன்னைத் தெரியாதா. சேர்வலையும் வீட்டுப் பூனையையும் கலந்து 1986 இல் முதன்முதல் பிறந்த இனம் அது. முதல் தலைமுறை என்றால் பாதி சேர்வல்தான். பிரித்தானியாவில் அதற்கு ஆபத்தான விலங்குகளுக்கான அனுமதிப்பத்திரம் வேண்டும். அவுஸ்திரேலியா 2008 இல் அந்த இனத்தையே நாட்டுக்குள் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டது, அங்கத்தைய சிறு மிருகங்கள் தாங்காது என்று.

சின்னவனுக்குப் பூனையில் ஆசை என்றால் அது நல்ல ஆசை, அதைக் கெடுக்காதே. ரொறன்ரோ விலங்குக் காப்பகத்தில் யாரும் எடுக்காத வளர்ந்த பூனைகள் இருக்கும். அவனையே கூட்டிக்கொண்டு போய் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல். பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்தால் அப்பாவும் நானும் அவனை வில்பத்துவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். விடியப்புறம் வெளிக்கிட வேண்டும். சிறுத்தை காண முடியும் என்று சத்தியம் பண்ண முடியாது, அதையும் அவனுக்கு முன்கூட்டியே சொல்லி வை.

விற்கிறவருக்கு இன்றைக்கே வேண்டாம் என்று எழுது. முற்பணம் கட்டிவிட்டாய் என்றால் மறைக்காமல் சொல், போன காசு போகட்டும், அதற்காக மிச்சத்தையும் கட்டாதே. ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் வீட்டில்தான் இருப்போம். சின்னவனை என்னோடு கதைக்க விடு, அவனுக்கு நானே சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா