முகாரி மட்டும்தான் அழுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். புகழ்பெற்ற பாடல்களைச் சோகமாக மாற்றிப் பாடும் ‘கவர்’ பாடல்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேகத்தைக் குறைத்து, சோகச் சாயல் கொண்டதாகச் சொல்லப்படும் மேற்கத்திய ஸ்வர வரிசையான மைனர் ஸ்கேலுக்கு மாற்றினால் எந்தப் பாட்டும் அழும் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அதில் சம்மதமில்லை.

அவரே குறிப்பிடும் ‘மேட் வேர்ல்ட்’ பாடலை எடுத்துக்கொள்வோம். 1982-இல் டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழு வெளியிட்ட மூலப் பாடலே மைனர் சாயலில்தான் இருக்கிறது. ஆனால் சின்தசைசரும் டிரம்ஸும் துள்ளும்; கால் தானாகத் தாளம் போடும். தான் சாவதாக வரும் கனவுகளைத்தான் நல்ல கனவுகள் என்கிறான் அந்தப் பாட்டில் பேசுகிறவன். அந்த வரிக்கும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தோம்! மைக்கேல் ஆண்ட்ரூஸின் பியானோவுடன் கேரி ஜூல்ஸ் பாடிய வடிவம் 2003 கிறிஸ்துமஸுக்கு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. வேகம் குறைந்தது உண்மை. மெட்டு அதேதான். டிரம்ஸ் விலகியதும் வரி காதில் விழுந்தது. துக்கத்தை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கவில்லை.

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் பாடிய ‘ஹர்ட்’ பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாதது பெரிய குறை. ட்ரென்ட் ரெஸ்னர் தன் இருபதுகளில் எழுதி, அவருடைய ராக் குழுவான நைன் இன்ச் நெயில்ஸின் 1994-ஆம் ஆண்டு ஆல்பத்தில் வந்த பாடல் அது. 2002-இல் கேஷின் பதிவு வெளிவந்தபோது அவருக்கு வயது 70. கிரீடத்தைப் பற்றிய வரியில் இருந்த ஒரு கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டு முள்முடி என்று பாடினார். மற்றபடி அதே பாட்டு. ஆனால் ஓர் இளைஞன் தன்மேல் கொண்ட வெறுப்பு, ஒரு கிழவர் தன் வாழ்நாளைக் கணக்குப் பார்ப்பதாக ஆகிவிடுகிறது. குரல் நடுங்குகிறது, பியானோவின் ஒரே கட்டை திரும்பத் திரும்ப ஓங்கி அடிபடுகிறது. வீடியோவில் மனைவி ஜூன் படிக்கட்டில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் கேஷ் பியானோவின் மூடியை மூடி, அதைக் கையால் தடவுவார். 2003 மே மாதம் ஜூன் போனார், செப்டம்பரில் அவரும். இதில் எந்த ஸ்கேலுக்கு என்ன வேலை?

நம் பக்கத்திலும் இதே தப்பெண்ணம் உண்டு. முகாரி என்றாலே ஒப்பாரி என்பார்கள். சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று தியாகராஜர் உருகி மகிழ்ந்து பாடியது அந்த ராகத்தில்தான்.

கட்டுரையாளரின் சூத்திரம் ஓரிடத்தில் மட்டும் பொருந்துகிறது: இன்றைய திரைப்பட டிரெய்லர்கள். எந்தப் பழைய பாட்டு கிடைத்தாலும் ஒற்றைப் பியானோ, எதிரொலி, வரிக்கு வரி ஒரு பெருமூச்சு. கூலிக்கு மாரடிப்பது என்பது இதுதான்.

தொடரின் அடுத்த பகுதியை எழுதுமுன் கட்டுரையாளர் பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த 1982 பதிவை ஒருமுறை கேட்கட்டும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்