எடைக்குப் போட மறுத்த கடைக்காரர்

மதுரை

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்ததும் கமலாவைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். தாயும் பிள்ளையும் நலம் என்று எழுதியிருந்தது பெரிய நிம்மதி. தங்கச்சியின் முழங்கால் வலியைத் தள்ளிப்போடாதே. இங்கே நல்ல எலும்பு டாக்டர் ஒருவர் இருக்கிறார். அழைத்து வா, நம் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் பெரிய செய்தி எதுவும் இல்லை. ஓய்வுக்குப் பிறகு காலையில் நூலகத்துக்குப் போய், ஐரோப்பாவில் புத்தகக் கடைக்காரர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதைத் தேடித் தேடிப் படிக்கிறேன். வேலையில் இருந்தபோது நேரம் கிடைக்காமல் விட்ட ஆசை அது.

அதனால்தான் நீ கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த விஷயம் மனதைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அரசு நூலகங்கள் வாங்கும் நூலக ஆணை கிடைக்காத உன் பதிப்பகத் தலைப்புகள் குடோனில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன, வாடகை கட்டி மாளவில்லை, கொஞ்சம் பிரதிகளை வைத்துக்கொண்டு மற்றதை எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். பாதி விலைக்குத் தள்ளிவிட்டால் மற்ற புத்தகங்களின் விலைக்கும் மரியாதை போய்விடுமோ என்ற பயமும் உனக்கு இருக்கிறது. இதே கேள்வி, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் எழுந்திருக்கிறது. அதற்கு ஒருவர் தெளிவான பதிலும் கண்டுபிடித்தார். அவரைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

பெயர் ஜேம்ஸ் லாக்கிங்டன். 1746-ல் சாமர்செட் பகுதியில் வெலிங்டன் என்ற ஊரில், காலணி தைப்பவரின் மகனாகப் பிறந்தவர். அவர் கற்ற தொழிலும் அதுவே. பள்ளிப் படிப்பு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. தொழில் பழகப் போன இடத்தில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். பிற்பாடு, 1791-ல், தன் வாழ்க்கைக் கதையைத் தானே எழுதி வெளியிட்டார். அதில் ஒரு சம்பவம் வருகிறது. லண்டனுக்கு வந்த புதிதில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், வீட்டில் இருந்தது அரை கிரவுன் காசு மட்டும். விருந்துக்கு வேண்டியதை வாங்கி வரப் போனவர் வழியில் ஒரு பழைய புத்தகக் கடையைப் பார்த்து, அந்தக் காசைக் கொடுத்து எட்வர்ட் யங் என்ற கவிஞரின் நூலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். சாப்பாடு வாங்கியிருந்தால் நாளையோடு தீர்ந்துவிடும், இந்தப் புத்தகம் ஐம்பது வருஷம் இருந்தாலும் நமக்கு விருந்துதான் என்று மனைவியைச் சமாதானம் செய்தாராம்.

1774-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஃபெதர்ஸ்டோன் தெருவில் ஒரு சிறிய கடை எடுத்தார். பழைய புத்தகங்களும் தோல் துண்டுகளுமாகச் சரக்கின் மதிப்பு ஐந்து பவுண்டுதான். உழைக்கிற ஏழைகளுக்கு வட்டியில்லாமல் கொடுக்க வெஸ்லி சபை என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஒரு நிதி வைத்திருந்தார்கள். அதிலிருந்து இன்னொரு ஐந்து பவுண்டு கடன் வாங்கினார். ஆறு மாதத்தில் சரக்கு 25 பவுண்டு அளவுக்கு வளர்ந்தது. தோலை விட்டுவிட்டுப் புத்தகத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்.

கடை கொஞ்சம் பெரிதானதும், புத்தக வியாபாரிகள் மட்டும் கூடும் ஏலத்துக்கு அழைப்பு வந்தது. விற்காமல் தேங்கிய பிரதிகள் மொத்தமாக ஏலம் போகும் இடம் அது. அங்கே அவர் கண்டது இதுதான்: ஏலத்தில் எடுத்தவர்கள் பாதியையோ முக்கால் பங்கையோ அழித்துவிட்டு, மிச்சத்தை முழு விலைக்கே விற்பார்கள். மலிவாக விற்கக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு சொல்லாத ஒப்பந்தம். மீறினால் அடுத்த ஏலத்தில் இடம் இல்லை. லாக்கிங்டனும் ஆரம்பத்தில் அதற்குக் கட்டுப்பட்டார். சீக்கிரமே மனம் மாறி, இனி ஒரு பிரதியையும் அழிப்பதில்லை, எல்லாவற்றையும் பாதி விலைக்கோ கால் விலைக்கோ விற்பது என்று முடிவெடுத்தார். மற்றவர்கள் அவரை ஒதுக்கப் பார்த்தார்கள், ஆனால் வாசகர்கள் வந்து குவிந்தார்கள். ஒரே புத்தகத்தில் ஆறாயிரம் பிரதிகள் வாங்கிய நாட்களும் உண்டு என்று எழுதுகிறார்.

இந்த அழிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், அதற்கும் முன்னால் போகவேண்டியிருக்கிறது. லண்டனின் பெரிய கடைக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து பழைய நூல்களை அச்சிடும் உரிமையைப் பங்கு பங்காக வைத்திருந்தார்கள். ஷேக்ஸ்பியரில் பங்கு, மில்டனில் பங்கு. ஒரு நூலில் அறுபத்து நான்கில் ஒரு பங்குகூட விலைபோகும். இந்தப் பங்குகளை விற்கும் ஏலத்துக்கும் அழைக்கப்பட்டவர்கள் மட்டும்தான் வரலாம். 1710-ஆம் ஆண்டுச் சட்டம் புதிய நூலுக்கு 14 வருஷம், ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14 வருஷம் என்று எல்லை வகுத்திருந்தது. அவர்களோ, சட்டம் என்ன சொன்னாலும் உரிமை எங்களுக்கு என்றென்றும் உண்டு என்று சாதித்தார்கள். எடின்பரோக்காரர் அலெக்சாண்டர் டொனால்ட்சன் இதை ஏற்கவில்லை. பழைய நூல்களைத் தன் ஊரில் மலிவாக அச்சிட்டு, லண்டனிலேயே கடை போட்டு விற்றார். ஜேம்ஸ் தாம்சன் என்ற கவிஞரின் நூலை முன்வைத்து வழக்கு நடந்தது. தாம்சன் இறந்தே 25 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 1774 பிப்ரவரி 22 அன்று பிரபுக்கள் சபை, நிரந்தர உரிமை என்று ஒன்று கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது.

லாக்கிங்டன் கடை திறந்தது அதற்கு நாலு மாதம் கழித்து. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, செல்வராஜ். 1777-லிருந்து ஜான் பெல் என்பவர் ஆங்கிலக் கவிஞர்களை 109 சிறு தொகுதிகளாக, தொகுதிக்கு ஒன்றரை ஷில்லிங் என்று கொண்டுவந்தார். அதற்குப் போட்டியாக லண்டன் கடைக்காரர்கள் கூடித் தங்கள் வரிசைக்கு முன்னுரை எழுதித் தரும்படி சாமுவேல் ஜான்சனைக் கேட்டுக்கொண்டார்கள். கவிஞர்களைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரைகள் அப்படிப் பிறந்தவைதான்.

லாக்கிங்டன் செய்த இன்னொரு காரியம் உன் பாக்கி நோட்டுக்குப் பொருந்தும். 1780-ல் கடனை அடியோடு நிறுத்தினார். ஆறு மாதத்தில் வரவேண்டிய பணம் ஒரு வருஷம் கழித்து வரும், இரண்டு வருஷம் ஆகும், சில சமயம் வராமலே போகும். கடன் சொல்லாமல் காசு கொடுப்பவர் தலையில்தான் அந்த நஷ்டமும் சேர்ந்து விழுகிறது என்று யோசித்தார். ஒவ்வொரு புத்தகத்திலும் ஆகக் குறைந்த விலையை எழுதி வைத்தார். பிரபு வந்தாலும் அதே விலை, கையில் காசு. பேரமும் கிடையாது. பிரபுக்களுக்குக் கடன் மறுக்க முடியாத கடைகளெல்லாம் சிரித்தன, அவருக்கோ வியாபாரம் பெருகியது.

1790-களில் ஃபின்ஸ்பரி சதுக்கத்தில் அவர் திறந்த கடை லண்டனின் காட்சிப்பொருள்களில் ஒன்று. பெயர் 'கலைமகள்களின் கோயில்'. மேலே குவிமாடம், நடுவில் வட்டமான கவுண்டர். திறப்பின்போது குதிரை வண்டியையே அதைச் சுற்றி ஓட்டிக் காட்டினார்களாம். மாடி ஏற ஏற விலை இறங்கும். ஆக உச்சியில் அட்டை நைந்த, மிக மலிவான பிரதிகள். உலகிலேயே மலிவான புத்தகக் கடை என்று வாசலில் பலகை. கடைப் பெயரும் தன் முகமும் பொறித்த அரைப் பென்னி வில்லைகள்கூட அடித்து வெளியிட்டார். 1798-ல் அவர் ஒதுங்கிக்கொண்ட பிறகு உறவினர் நடத்திய அந்த நிறுவனம்தான் 1818-ல், மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை 500 பிரதிகள் அச்சிட்டது.

இருபது வருஷத்துக்கு முன்பு விற்றதைப்போல நாலு மடங்கு புத்தகம் இப்போது விற்கிறது, விவசாயிகள் வீட்டில்கூடக் குளிர்கால இரவுகளில் பிள்ளைகள் வாசிக்கப் பெரியவர்கள் கேட்கிறார்கள் என்று லாக்கிங்டன் எழுதுகிறார். தன் தொழிலைப் பற்றி அவரே போட்ட கணக்கு என்பதால் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கலாம். ஆனாலும் அவர் கண்டுபிடித்த விஷயம் உண்மையானது. அந்தப் பிரதிகளுக்கு வாசகர் இருந்தார்கள். விலைதான் அவர்களை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது.

ஜெர்மனியில் வேறு மாதிரி நடந்தது. முதலில் ஃபிராங்பர்ட் சந்தை, அப்புறம் லைப்சிக் சந்தை. பைண்டிங் செய்யாத அச்சுத் தாள்களைப் பீப்பாயில் அடைத்துக் கொண்டுபோய், தாளுக்குத் தாள் என்று மாற்றிக்கொள்வார்கள். என்ன நூல் என்பதைவிட எத்தனை தாள் என்பதுதான் கணக்கு. நல்ல நூல் போட்டவனுக்கு அதில் நஷ்டம். 1764-ல் லைப்சிக் பதிப்பாளர் பிலிப் எராஸ்மஸ் ரைஷ், இனி காசு மட்டும்தான் என்று சொல்லி ஃபிராங்பர்ட்டை விட்டே விலகினார். காசு கொடுக்க முடியாத தென்பகுதிக்காரர்கள் லைப்சிக் நூல்களைத் திருட்டுத்தனமாக மறுபதிப்பு செய்யத் தொடங்கினார்கள். வியன்னாவின் அச்சக அதிபர் டிராட்னர் அரண்மனை ஆதரவோடே அதைச் செய்தார். கடைசியில் இரு தரப்பும் ஒரு நடுவழிக்கு வந்தன: புத்தகத்தை அனுப்பி வை, விற்றதற்கு ஈஸ்டர் சந்தையில் பணம், விற்காததைத் திருப்பு. உன் ஊர்க் கடைகளோடு நீ வைத்திருக்கும் ஏற்பாடு இதேதான்.

லைப்சிக் சந்தை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஹாலே நகரத்து அனாதை இல்லத்தின் புத்தகக் கடை அந்தச் சந்தையில்தான் தொடங்கியது. 1698-ல் எலர்ஸ் என்பவர் அங்கே அந்த இல்லத்தை நிறுவிய ஃபிராங்கேயின் ஒரு பிரசங்கத்தை அச்சிட்டு விற்றார். அதே ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள்தான் 1713-ல் கப்பலேறி உங்கள் தரங்கம்பாடிக்கு வந்தன. மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம், நாம் எத்தனை முறை போயிருப்போம்!

லண்டனில் 1774-ல் நடந்ததுபோல ஜெர்மனிக்கும் ஒரு நாள் வாய்த்தது. 1837-க்கு முன் இறந்த ஆசிரியர்களின் உரிமை 1867 நவம்பர் 9-ஆம் தேதியோடு முடிந்தது. மறுநாளே லைப்சிக் பதிப்பாளர் ரெக்லாம், கதேயின் 'ஃபாஸ்ட்' முதல் பாகத்தை இரண்டு வெள்ளிக் குரோஷனுக்கு, தன் வரிசையின் முதல் எண்ணாக விற்பனைக்கு விட்டார். அந்த விலை முதல் உலகப் போர் வரை மாறவில்லை. 1912 முதல் ரயில் நிலையங்களில் காசு போட்டால் புத்தகம் விழும் இயந்திரம்கூட வைத்தார்கள்.

சரி, விலையைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று நீ கேட்பாய். இல்லை. அதற்கும் சாட்சி இருக்கிறது. 1880-களில் பெர்லினிலும் லைப்சிக்கிலும் இருந்த பெரிய வியாபாரிகள் புதுப் புத்தகங்களையே அடிமாட்டு விலைக்குத் தபாலில் விற்றதில் சிற்றூர்க் கடைகள் தள்ளாடின. ஸ்டுட்கார்ட் பதிப்பாளர் அடால்ஃப் குரோனர் முன்நின்று, பதிப்பாளர் வைத்த விலைதான் எங்கும் விலை என்ற விதியை அவர்களுடைய சங்கத்தில் நிறைவேற்றினார். இங்கிலாந்தில் 1900 முதல் இதேபோல ஒரு உடன்பாடு இருந்தது. 1990-களில் அது உடைந்தது. 1997-ல் நீதிமன்றமும் செல்லாது என்றது. சூப்பர் மார்க்கெட்டுகள் அதிகம் விற்கும் நூல்களை மட்டும் அள்ளிக்கொண்டன. இணைய வணிகமும் சேர, இருபது வருஷத்தில் தனிக் கடைகள் பாதிக்கும் கீழே போய்விட்டன.

பிரான்ஸ் 1981-ல் சட்டமே போட்டது. எந்தக் கடையிலும் 5 சதவீதத்துக்கு மேல் கழிவு தரக் கூடாது. எனக்குப் பிடித்தது அதில் உள்ள ஒரு விதிவிலக்கு. நூல் வெளியாகி இரண்டு வருஷம் கடந்து, கடைக்கு வந்தும் ஆறு மாதம் ஆகியிருந்தால் கடைக்காரர் தன் விருப்பப்படி விலை வைக்கலாம். ஜெர்மானியச் சட்டத்திலும் 18 மாதத்துக்குப் பிறகு பதிப்பாளர் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிடலாம். புதுசுக்குக் காவல், பழசுக்கு விடுதலை. இதைவிட நியாயமான ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை. லாக்கிங்டனும் குரோனரும் எதிரெதிர் ஆட்கள் என்று முதலில் நினைத்தேன். இந்த விதிவிலக்கைப் பார்த்த பிறகு இருவருக்கும் இடம் இருக்கிறது என்று தெளிந்தது.

ஆகவே எடைக்குப் போடாதே. இந்த வருஷத்துப் புத்தகங்களில் ஒரு பைசா குறைக்காதே, உன்னை நம்பி வாங்கி வைத்திருக்கும் கடைகளுக்கு அது துரோகம். இரண்டு வருஷம் தாண்டிய தலைப்புகளுக்கு மட்டும் புது விலை ஒட்டு. அதுவும் எல்லோருக்கும் ஒரே விலையாக, ரொக்கத்துக்கு மட்டும். கடைகளுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடு, அவர்களிடம் இருக்கும் பிரதிகளுக்கும் அதே விலை என்று சொல். லாக்கிங்டன் முதலில் போட்டது 12,000 தொகுதிகளின் விலைப்பட்டியல். உனக்கு ஒரே தாளில் இரண்டு பக்கம் போதும். மாவட்டத்துப் பள்ளி ஆசிரியர்கள், வாசகர் வட்டங்கள், கல்லூரித் தமிழ்த் துறைகள் எல்லோருக்கும் அனுப்பலாம். இங்கே எனக்குத் தெரிந்த முகவரிகளை நான் சேர்த்துத் தருகிறேன். அந்த ஆற்றங்கரைக் கதைத் தொகுப்பைக் குடோனில் வைத்திருக்கிறாய் என்று தெரிந்ததும் எனக்குத் தாங்கவில்லை. எவ்வளவு நல்ல புத்தகம் அது!

பட்டியலை எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்பு, பிழை பார்த்துத் தருகிறேன். தலைப்புக்குப் பத்துப் பிரதி என் பெயரில் எடுத்து வை, நூலகத்துக்கு வரும் பையன்களிடம் நானே விற்றுத் தருகிறேன். பணம் ரொக்கம்தான், கடன் இல்லை.

பேத்திக்கு என் ஆசிகள். என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள்?

உன் அன்பு நண்பன்,
ராமநாதன்