கோத்தகிரியிலிருந்து வந்த அண்ணனுக்கு நன்றி

பெயர் வெளியே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூடுபனியில் கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு வந்து 350 மி.லி. ரத்தம் கொடுத்த அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.

அண்ணன் ரத்தம் கொடுத்தது அரிவாள் செல் நோயுள்ள (சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை ரத்த நோய்) ஒரு தங்கைக்கு. அவருக்கு ஓ பாசிட்டிவ் ரத்தம் கிடைத்தால் மட்டும் போதாது. முன்பு ஏற்றிய ரத்தத்தால், ஆர்எச் வகையைச் சேர்ந்த சின்ன ‘சி’ (c) ஆன்டிஜெனுக்கு, அதாவது சிவப்பணுவின் மேலுள்ள ஓர் அடையாளப் பொருளுக்கு, எதிராக அவர் உடலில் எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. அந்த ஆன்டிஜென் உள்ள ரத்தத்தை ஏற்றினால் உடனே ஒன்றும் தெரியாமல் போகலாம். 3 முதல் 14 நாட்களுக்குள் ஏற்றிய செல்கள் உடையும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், ஹீமோகுளோபின் சரியும். கையிருப்புப் பைகள் கூம்ஸ் கிராஸ்மேட்சில் (கொடுப்பவரின் செல்களோடு நோயாளியின் எதிர்ப்பொருள் மோதுகிறதா என்று பார்க்கும் சோதனை) பொருந்தவில்லை, அண்ணனுடையது பொருந்தியது.

இந்த எதிர்ப்பொருள் சில மாதங்களில் பரிசோதனைக்கே சிக்காத அளவுக்குக் குறைந்துவிடலாம், அதுதான் ஆபத்து: சோதனையில் தெரியாததால் பொருந்தாத ரத்தத்தை ஏற்றிவிட நேரலாம். ஆகவே இப்படி எதிர்ப்பொருள் உள்ளவர்கள் அதைக் குறித்த சீட்டைத் தொலைக்காமல், ஒவ்வொரு முறையும் ரத்தம் ஏற்றும் முன் காட்டுங்கள்.

அண்ணா, 90 நாள் கழித்து மறுபடியும் கூப்பிடுவோம்.