அந்தப் படத்துக்கு ஒரு ஜோடி உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்து அரசி மேரியின் மூன்றாவது கணவர் பாத்வெல் பிரபுவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். வெடிமருந்து, கடத்தல், கல்யாணம், சிறை என்று எதற்கும் குறைவில்லை. ஆனால் கூடவே நீங்கள் போட்டிருந்த மீசைக்காரரின் சின்னஞ்சிறு ஓவியம் 1566-இல் வரையப்பட்டது. அவர் அரசியைக் கட்டியதோ 1567-இல். அது ஜீன் கார்டனுடன் நடந்த கல்யாணத்தையொட்டி வரைந்த படம். அதற்கு ஜோடியாக ஜீனின் ஓவியமும் எடின்பரோவில் இருக்கிறது. கட்டுரையில் ஜீனுக்குக் கிடைத்தது அரை வரி. அன்னாவுக்கு அதுவும் இல்லை.

அன்னா, நார்வேக் கடற்படைத் தலைவர் ஒருவரின் மகள். 1560 வாக்கில் கோபன்ஹேகனில் பழக்கம். கூட்டிப்போன பாத்வெல், பிளாண்டர்ஸில் அவளை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஜீன் கதை வேறு. 1567 பிப்ரவரி 10-ஆம் தேதி அரசியின் கணவர் டார்ன்லி கொல்லப்பட்டார். வீடு வெடித்துத் தரைமட்டமானது. அவர் உடல் மட்டும் தீக்காயம் இல்லாமல் வெளியே தோட்டத்தில் கிடந்தது. பழி பாத்வெல் மேல் விழுந்தது. ஏப்ரலில் அவர் மேல் விசாரணை. எடின்பரோ முழுக்க பாத்வெல்லின் ஆட்கள் நின்றதால் குற்றம் சாட்டியவரே வரவில்லை. விடுதலை! ஒரே வாரத்தில், அரசிக்கு ஏற்ற மாப்பிள்ளை இவர்தான் என்று மார்ட்டன் உள்ளிட்ட பிரபுக்களும் பிஷப்புகளும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஏப்ரல் 24-இல் அவர் அரசியை வழிமறித்து டன்பார் கோட்டைக்குக் கொண்டுபோனார். அரசி விரும்பிப் போனாரா என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள்.

சரி, வீட்டில் மனைவி இருக்கிறாளே? தம்பதி இருவரும் நெருங்கிய உறவு, உறவுக்குள் கட்டிக்கொள்ளத் திருச்சபை தரும் அனுமதியான விலக்கை முறைப்படி வாங்காமல் நடந்த கல்யாணம் செல்லாது என்று பேராயர் ஹாமில்டன் மே 7-இல் ரத்து செய்தார். எட்டாம் நாள் அரசியோடு கல்யாணம். வேடிக்கை என்னவென்றால், அந்த விலக்கை முந்தைய ஆண்டு கொடுத்தவரே அதே ஹாமில்டன்தான்!

ஒரு மாதம்கூட முழுசாக வாழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஜூன் 15-இல் கார்பெரி குன்றில் எதிர்ப்படை திரண்டது. கையெழுத்துப் போட்ட மார்ட்டன் இப்போது அந்தப் பக்கம். அரசி சரணடைந்தார், பாத்வெல் வடக்கே ஓடினார். "விதி அவரை நார்வேக்குத் துரத்தியது" என்று கட்டுரையாளர் எழுதிவிட்டார். கரை சேர்த்தது கடலாக இருக்கலாம், ஆனால் அவர் போய்ச் சேர்ந்த நார்வேயின் பெர்கன் கோட்டைத் தலைவர் அன்னாவின் உறவினர். அன்னா வழக்குப் போட்டாள். ஒரு கப்பலையும் ஆண்டுதோறும் பணம் தருவதாக வாக்கும் கொடுத்துத்தான் அவளைச் சமாதானப்படுத்த முடிந்தது. அதற்குள் ஆள் யார் என்பது நார்வேயையும் ஆண்ட டென்மார்க் அரசருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு கோபன்ஹேகன், மால்மோ, கடைசியில் டிராக்ஸ்ஹோம் கோட்டைச் சிறை. 1578-இல் அங்கேயே இறந்தார்.

ஜீனோ அப்புறம் இரண்டு முறை கல்யாணம் செய்துகொண்டார். மூன்றாவது கணவர், சின்ன வயதில் ஆசைப்பட்ட ஓகில்வி. 1629 வரை வாழ்ந்தார். ஹாமில்டன் கொடுத்த அந்த விலக்குச் சீட்டு, ஜீன் இரண்டாவதாகப் புகுந்த குடும்பத்தின் டன்ராபின் கோட்டைக் காகிதங்களுக்குள் பத்திரமாகக் கிடந்து 19-ஆம் நூற்றாண்டில் கிடைத்தது.

அந்த ஜோடி ஓவியத்தையும் அடுத்த இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்